பெயருக்குள் ஓர் இடைவெளி

புனேயில் ஆய்வு மாணவி ஒருவர், தாம் மின்வருடிய சுவடிப் படங்களை இணையத்தில் வைக்க முற்பட்டார். அப்பாச்சி சர்வர் தொடங்கவே மறுத்தது. டாக்குமெண்ட்ரூட் கட்டளை ஓர் உள்ளீட்டை மட்டுமே ஏற்கும் என்றது பிழைச்செய்தி.

கோப்புறையின் பெயர் ‘சுவடிப் படங்கள்’. மனிதக் கண்ணுக்கு அது ஒரே பெயர். அப்பாச்சிக்கோ இடைவெளி என்பது ஓர் உள்ளீடு முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை. பெயர் இரண்டாகப் பிளந்தது.

பெயர்களை மாற்றிவிடலாம் என்றனர் நண்பர்கள். அவர் தயங்கினார். உள்ளிருந்த ‘கிரந்தச் சுவடி 14’ போன்ற பெயர்களே பதிவேட்டிலும் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளிலும் இருந்தன. மாற்றினால் மேற்கோள் தன் மூலத்தை இழக்கும்.

தீர்வு எளியது. பாதை முழுவதையும் இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டார், சர்வர் இயங்கியது. ஆயினும் இணைய முகவரியில் ஒவ்வோர் இடைவெளியும் %20 என மாறி நின்றது. இடைவெளியின் ஆஸ்கி எண்ணான 32, பதினாறுநிலை எண்முறையில் 20. எனவே அலையஸ் கட்டளையால் ஒவ்வொரு சுவடிக்கும் இடைவெளியற்ற குறுமுகவரி அமைத்தார்.

அந்நகருக்கு இம்முறை புதிதன்று. அங்குள்ள பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனம் 1919 முதல் 1966 வரை உருவாக்கிய மகாபாரதச் செம்பதிப்பில், தெலுங்குப் படிகளை டி என்றும், கிரந்தப் படிகளை ஜி என்றும், மலையாளப் படிகளை எம் என்றும் எண்ணோடு சேர்த்துச் சுட்டினர். படிகளின் முழு விவரம் தனியே தரப்பட்டது. சுட்டுவதற்குக் குறும்பெயர், அறிவதற்கு முழுப்பெயர்.

புதிய கோப்புறைகளின் பெயரில் அவர் இப்போது சிறுகோடு இடுகிறார். பழைய பெயர்களைத் தொடவில்லை.