கையைக் கட்டிக்கொண்டு நின்றால் என்ன கிடைக்கும்? எலும்பு டாக்டர்களின் அப்சர்வர்ஷிப் பற்றி ஒரு நீள இழை

1.
எம்.எஸ் ஆர்த்தோ முடித்த ஜூனியர்கள் அடிக்கடி மெசேஜில் கேட்கிற கேள்வி: "அண்ணா, ஃபாரின்ல ஒரு மாசம் அப்சர்வர்ஷிப் கிடைச்சிருக்கு. போகலாமா, இல்ல காசு தண்டமா?"

நான் எலும்பு டாக்டர் கிடையாது. அரசு மருத்துவமனை கேஷுவால்டியில் வேலை பார்க்கும் எம்பிபிஎஸ். ஆனா எங்க ஆர்த்தோ சார் இங்கிலாந்து போயிட்டு வந்ததோட பலன் முதலில் வந்து சேர்ந்தது என் டேபிளுக்குத்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2.
முதலில் அப்சர்வர்ஷிப் என்றால் என்ன?

பார்க்கலாம். அவ்வளவுதான்.

நோயாளியைத் தொடக்கூடாது. ஸ்க்ரப் ஆகி டேபிளில் நிற்கக்கூடாது. கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதக்கூடாது. போட்டோ எடுக்கவே கூடாது. அமெரிக்காவில் நோயாளியின் தகவலைப் பாதுகாக்க 1996-லேயே ஹிப்பா என்று சட்டம் போட்டுவிட்டார்கள். பல மருத்துவமனைகளில் அதைப் பற்றிய ஆன்லைன் வகுப்பை முடித்தால்தான் உள்ளே விடுவார்கள். ஹெபடைடிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை தடுப்பூசி விவரம், காசநோய் பரிசோதனை ரிசல்ட் எல்லாம் கேட்பார்கள்.

நம்ம ஊரில் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போதே மாவுக்கட்டு போட்டு, ட்ராக்‌ஷன் போட்டுப் பழகின கை. பத்து, பதினைந்து வருடம் ஆபரேஷன் செய்த கை. அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மூலையில் நிற்பது லேசுப்பட்ட விஷயம் இல்லை. "முதல் ரெண்டு நாள் அவமானமாவே இருந்துச்சுப்பா" என்றார் எங்க சார்.

3.
அப்சர்வர்ஷிப் எதைத் தராது என்பதையும் தெளிவா சொல்லிடறேன்.

லைசென்ஸ் தராது. வேலை தராது. பிரிட்டனில் சாதாரண விசிட்டர் விசாவிலேயே பார்வையாளராக இருக்க அனுமதி உண்டு, சிகிச்சை மட்டும் தரக்கூடாது. அமெரிக்காவுக்கு வழக்கமாக பி-1 விசா. இரண்டிலும் சம்பளம் கிடையாது. கை வைத்து வேலை கற்க வேண்டுமென்றால் அது வேறு பாதை. பிரிட்டனில் எம்டிஐ என்று ஒன்று இருக்கிறது. அதற்கு அந்நாட்டு மெடிக்கல் கவுன்சிலில் பதிவு வேண்டும், அதிகபட்சம் இரண்டு வருடம்.

"அப்சர்வர்ஷிப் முடிச்சா வேலை கேரண்டி" என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் போனை வைத்துவிடுங்கள். விண்ணப்பத்தை நேரடியாக அந்த மருத்துவமனைக்கே அனுப்புங்கள். ஏஓ ட்ராமா, சிகாட் போன்ற அமைப்புகள் உதவித்தொகையோடு அனுப்பும் திட்டங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அரசுப் பணியில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்று, விடுப்பு அனுமதி இரண்டையும் டிக்கெட் போடுவதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். ஃபைல் எவ்வளவு வேகமா நகரும்னு உங்களுக்கே தெரியும்.

4.
சரி, வெறுமனே பார்ப்பதால் ஒருவருக்கு என்ன வந்துவிடும்? எலும்பு மருத்துவ வரலாற்றில் இதற்கு இரண்டு நல்ல பதில்கள் இருக்கின்றன.

ஒன்று, இங்கிலாந்தின் ரைட்டிங்டன். பழைய காசநோய் மருத்துவமனை அது. அங்கேதான் ஜான் சார்ன்லி 1962-ல் இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு முன்னோடியானதைப் பொருத்தத் தொடங்கினார். ஆரம்ப வருடங்களில், ரைட்டிங்டனுக்கு நேரில் வந்து கற்றுப்போன சர்ஜன்களுக்குத்தான் அந்த மூட்டை விற்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருந்தார். காசு கொடுத்தாலும் பார்சலில் வராது, வந்து பார்க்கணும். உலோகத்தை மட்டும் வாங்கிப் போய், கிருமி வராமல் தடுக்கும் முறையைக் கோட்டை விட்டால் நோயாளி கதி என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும்.

5.
இரண்டு, சைபீரியாவின் குர்கான். இலிசரோவ் அங்கே கம்பியும் வளையமும் வைத்து, சேராத எலும்பைச் சேர்த்துக்கொண்டிருந்தார், குட்டையான காலை நீட்டிக்கொண்டிருந்தார். மேற்கு ஐரோப்பா கண்டுகொள்ளவே இல்லை. கார்லோ மவுரி என்ற இத்தாலிய மலையேறி, வருடக்கணக்கில் சரியாகாத காலோடு 1980 வாக்கில் அங்கே போய்க் குணமாகித் திரும்பினார். இத்தாலி டாக்டர்களுக்கு ஆச்சரியம். 1981-ல் இலிசரோவைக் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள், பிறகு அவர்களே குர்கானுக்குப் போய்ப் பார்த்தார்கள். இன்று நம் அரசு மருத்துவமனை எலும்பு வார்டிலும் காலில் வளையத்தோடு ஒருவர் படுத்திருக்கிறார் என்றால், அதற்குப் பின்னால் இப்படிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

6.
இப்போ எங்க சார் கதைக்கு வரேன்.

மூட்டு மாற்று ஆபரேஷன் பார்க்கத்தான் போனார். நாலு வாரம். அங்கே அவரை அசத்தியது வேறு ஒன்று. இடுப்பு எலும்பு முறிந்த பாட்டிகள்.

நம்மூரில் என்ன நடக்கும்? பாத்ரூமில் வழுக்கி விழுந்த ஆயாவைத் தூக்கிட்டு வருவார்கள். எக்ஸ்ரே, அட்மிஷன், காலில் எடை கட்டித் தொங்க விடுவது. பிறகு காத்திருப்பு. எக்கோ வரணும், மயக்க மருந்து டாக்டர் ஃபிட்னஸ் தரணும், காப்பீட்டு அப்ரூவல் வரணும், தியேட்டர் நாள் வரணும். இந்த ஒரு வாரம், பத்து நாளில் முதுகில் படுக்கைப் புண், நெஞ்சில் சளி கட்டி நிமோனியா, காலில் ரத்தக்கட்டி. ஆயாவின் உயிருக்கு ஆபத்து முறிந்த எலும்பைவிடப் படுக்கையால்தான் அதிகம்.

7.
இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் நிலைமை சுமார்தான். 2007-ல் இடுப்பு முறிவுக்கென்று தேசிய அளவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். 2010-லிருந்து, 36 மணி நேரத்துக்குள் ஆபரேஷன், முதியோர் மருத்துவரின் கவனிப்பு போன்ற நிபந்தனைகளை நிறைவேற்றினால் மருத்துவமனைக்கு நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று கூடுதல் பணம். 2007-ல் இப்படி விழுந்தவர்களில் 100-க்கு சுமார் 11 பேர் 30 நாளுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். 2011-ல் அது 8, 9 ஆகக் குறைந்தது. இடையில் புது மருந்தோ மாய மெஷினோ வரவில்லை. கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சார் ஊர் திரும்பியதும் என்னிடம் சொன்னது: "அங்க பண்ற ஆபரேஷன் நமக்குத் தெரிஞ்சதுதான்பா. நமக்குத் தெரியாதது அந்த வேகம்."

8.
வந்து அவர் செய்தவை மூன்று.

முதலாவது, கேஸ் ஷீட்டின் மேல் "விழுந்த நேரம், வந்த நேரம்" என்று சிவப்பு மையில் எழுதச் சொன்னார்.

இரண்டாவது, எக்கோ, ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து டாக்டருக்குத் தகவல், காப்பீட்டு அட்டை கொண்டுவரச் சொல்வது எல்லாமே கேஷுவால்டியிலேயே அன்றே தொடங்கணும் என்றார். அதாவது என் தலையில்.

மூன்றாவது, இடுப்பு மடிப்பில் போடும் மரத்துப்போகும் ஊசி. ஃபேசியா இலியாக்கா பிளாக் என்று பெயர். மயக்க மருந்து டாக்டர் மேடம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். முன்பெல்லாம் எக்ஸ்ரே டேபிளுக்கு மாற்றும்போது ஆயாக்கள் போடும் அலறல் வெளியே மெடிக்கல் ஷாப் வரை கேட்கும். இப்போ ஊசி போட்டு அரை மணி நேரம் விட்டு மாற்றினால், "என்னய்யா சாப்பிட்ட?" என்று என்னையே விசாரிக்கிறார்கள்.

எல்லோருக்கும் 36 மணி நேரத்தில் ஆபரேஷன் நடக்கிறதா? இல்லை. தியேட்டர் ஒன்றுதான், மயக்க மருந்து டாக்டர்கள் குறைவுதான். ஆனா தாமதம் எங்கே ஆகுதுன்னு இப்போ எழுத்தில் இருக்கு. முன்பு "லேட் ஆகத்தான் செய்யும்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவோம்.

9.
அதனால போகிறவர்களுக்கு என் சிபாரிசு.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு போங்க. "எங்க வார்டில் எது தினமும் உறுத்துது?" அதற்கு அங்கே என்ன செய்கிறார்கள் என்று பாருங்க.

தியேட்டருக்கு வெளியே அதிக நேரம் நில்லுங்க. நர்ஸ், பிசியோதெரபிஸ்ட், மயக்க மருந்து டாக்டர் மூவரிடமும் பேசுங்க. ஆபரேஷனை வீடியோவில்கூடப் பார்த்துடலாம். காலை ஏழரை மணிக்கு யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்பது எந்த வீடியோவிலும் வராது.

பல லட்ச ரூபாய் மெஷின் தேவைப்படும் எதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்க. பேனாவும் போனும் இருந்தால் செய்யக்கூடியதை முதல் பக்கத்தில்.

திரும்பி வந்த முதல் வாரமே வார்டில் எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்லிடுங்க. ஆறிப்போனால் சான்றிதழ் மட்டும்தான் சுவரில் மிஞ்சும்.

10.
போக வசதியில்லாதவர்கள் மனசு விடாதீங்க. வெளிநாட்டு சர்ஜன்கள் கற்றுக்கொள்ள நம் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக்கு வருகிறார்கள். எலும்பு வெளியே தெரியும் அளவுக்கு நசுங்கிய காலைக் காப்பாற்றலாமா, எடுக்கணுமா என்று கணிக்க அங்கே உருவான ஸ்கோர் 2006-ல் வெளியானது, வெளிநாட்டிலும் பயன்படுத்துகிறார்கள். நல்லா நடக்கும் பக்கத்து மாவட்ட வார்டில் ஒரு வாரம் நின்றாலும் அது அப்சர்வர்ஷிப்தான். விசா வேண்டாம், பஸ் டிக்கெட் போதும்.

11.
டாக்டர் அல்லாத நண்பர்களுக்கு ஒரு விஷயம்.

வீட்டில் வயதானவர் விழுந்து, எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் அது இடுப்பு எலும்பு முறிவாக இருக்கலாம். எண்ணெய் போட்டு நீவாதீங்க. "காலையில பார்த்துக்கலாம்"னு படுக்க வைக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. விழுந்த நேரத்தைக் குறிச்சு வச்சுக்கோங்க, காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துட்டு வாங்க. "வயசாயிடுச்சு, ஆபரேஷன் எதுக்கு?" என்று நீங்களே முடிவு பண்ணிடாதீங்க. வயசானதால்தான் சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி எழுப்பி உட்கார வைக்கணும்.

கேள்விகள் இருந்தால் கமெண்டில் கேளுங்க. நைட் டூட்டி முடித்து வந்து பதில் சொல்றேன்.