விழுந்த காசு எங்கே போகிறது?

வானொலியில் மாலைச் செய்தி வாசிக்கும்போது கடைசிப் பத்தி எனக்கு மனப்பாடம். “கோலாலம்பூர் பங்குச் சந்தைக் குறியீடு இன்று எட்டுப் புள்ளிகள் சரிந்து...” எண்ணை மட்டும் மாற்றினால் போதும். அந்தக் குறியீட்டில் எத்தனை நிறுவனங்கள் என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். முப்பதாம்.

கேட்டது அம்மாதான். லகாட்டிலிருந்து போன். “ஏம்மா, விழுந்துச்சு விழுந்துச்சுன்னு படிக்கிறியே, அந்தக் காசெல்லாம் எங்கே போவுது? யாரு எடுத்துக்கிறா?”

ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவளுக்குப் பதில் தெரியவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வாரம்தான் சேமிப்பிலிருந்து 2,000 வெள்ளி எடுத்து முதன்முதலாகப் பங்கு வாங்க முடிவு செய்திருந்தேன். சொன்னதும் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, “நகையை அடகு வச்சுப் பங்கு வாங்குனாங்களே, அந்தக் கதை தெரியாதா உனக்கு?” என்றார்.

தெரியும். எங்கள் வீட்டில் யாரும் வாங்கவில்லை. ஆனாலும் பேராக் தோட்டப்புறக் குடும்பங்களில் மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற பெயரை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1982-இல் ம.இ.கா. முன்னின்று தொடங்கியது. ஒரு பங்கு ஒரு வெள்ளி. ஏறக்குறைய 66,000 இந்தியர்கள் சேர்ந்து 10 கோடி வெள்ளிக்கும் மேல் போட்டார்கள். 2010-இல் ஒரு தனியார் நிறுவனம் பங்குக்கு 80 காசு தர முன்வந்தது. 28 வருடம் கழித்து!

இதை நாம் எப்போதும் அரசியலாகவே பேசுகிறோம். பாடம் படிக்க உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. அந்தப் பங்கு கடைசிவரை பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவில்லை. தினசரி விலை கிடையாது. மகள் கல்யாணத்துக்கு விற்க நினைத்தாலும், வாங்க ஒரு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். பட்டியலிட்ட பங்கிலும் நஷ்டம் வரும், ஆனால் விழுவதை அன்றன்றைக்குப் பார்க்கலாம், பயந்தால் விற்றுவிட்டு வெளியேறலாம்.

அடுத்த முறை லகாட் போனபோது அம்மா வேறு கேள்வி வைத்திருந்தார். “தாத்தா சங்கத்துல வாங்குன பங்கு விழவே இல்லையே?” துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்கிறார். அங்கே போட்ட பணம் அதே மதிப்பில் நிற்கும், ஆண்டு லாபத்தில் ஈவு கிடைக்கும். சந்தைப் பங்கின் விலையோ மணிக்கு மணி மாறும். ‘பங்கு’ என்று இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததில் பாதிக் குழப்பம்.

விழுந்த காசுக்கு வீட்டை வைத்துத்தான் விளக்கினேன். நம் வரிசையில் கோடி வீடு 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கு விலைபோனது. இப்போது ஒருவர் அவசரத்துக்கு 2 லட்சத்துக்கு விற்றால், நம் வீடும் 20 ஆயிரம் ‘விழுந்தது’ என்பார்கள். யாரும் எதையும் எடுத்துப் போகவில்லை. கடைசியாகக் கைமாறிய விலையை வைத்து எல்லா வீட்டுக்கும் கணக்குப் போடுகிறோம், அவ்வளவுதான்.

“அப்போ விக்காதவனுக்கு நஷ்டமே இல்லையா?”

“கம்பெனியே மூழ்கிட்டா வீடே இல்லம்மா.”

நான்கு மாதம் வாங்காமல் படித்தேன். அந்த நான்கு மாதம் இல்லையென்றால் முதல் நாளே மாட்டியிருப்பேன். திரையில் ஒன்று நாலரைக் காசுக்கு ஓடியது. ஆகா, மலிவு என்று கை துடித்தது. பெயருக்குப் பின்னால் ஒரு கோடும் ‘டபிள்யூ’ எழுத்தும். அது பங்கே இல்லை, வாரண்ட். குறிப்பிட்ட தேதிக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி. தயிர் டப்பாவில் தேதி பார்க்கிற நான் இதில் பார்க்கவில்லை!

இன்னொன்று தரகு. இங்கே குறைந்தது 100 பங்கு வாங்க வேண்டும். பங்கு 1.20 வெள்ளி என்றால் 120 வெள்ளி. நான் கணக்குத் திறந்த இடத்தில் குறைந்தபட்சத் தரகு 8 வெள்ளி. வாங்க 8, விற்க 8, முத்திரை வரி இரண்டு தடவை ஒவ்வொரு வெள்ளி. 18 வெள்ளி போய்விட்டது! பங்கு 1.38-க்கு ஏறினால்தான் போட்ட காசே திரும்பும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிப் பழகலாம் என்ற என் திட்டம் அன்றோடு சரி.

நான் படிக்கிறேன் என்று நிகழ்ச்சியில் ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே அழைப்புகள். “தங்கச்சி, எது வாங்கலாம், பேரு மட்டும் சொல்லுங்க.” முதலீட்டு ஆலோசனை சொல்வதற்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்று சொல்லித் தப்பித்தேன். அது உண்மைதான். ஆனால் எனக்குள் இருந்த பயம் வேறு. 1982-லும் மக்கள் கணக்கைப் பார்த்து வாங்கவில்லை, குரலை நம்பி வாங்கினார்கள். தினமும் காதில் விழும் குரல் ஒரு பெயரைச் சொன்னால் விசாரிக்காமலே வாங்குவார்கள். இன்று டெலிகிராமில் அதே வேலை நடக்கிறது.

கடைசியில் ஒரே நிறுவனத்தில் 800 பங்கு வாங்கினேன். அதன் ஆண்டறிக்கையைச் சந்தையின் இணையத்தளத்தில் எடுத்து, அச்சடித்து லகாட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படங்களைப் புரட்டினார். “இதுல முதலாளி சம்பளம் போட்டிருக்குமா?”

போட்டிருந்தது. இயக்குநர் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று தனிப் பட்டியலே இருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அம்மா சைபர்களை இரண்டு தடவை எண்ணிவிட்டு, “நம்ம 800-க்கு எவ்ளோ வரும்?” என்று கேட்டபடி கால்குலேட்டரை எடுத்தார்.