கிளாம்ப் இறுக்கும் நேரம்

கோயம்புத்தூரில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் தெருவுக்குள் நுழைந்தால் வீடும் பட்டறையும் ஒரே வரிசையில் இருக்கும். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. பம்பும் மோட்டாரும் பெருகப் பெருக, பெரிய ஆலைகளின் உதிரி வேலைகள் இந்த ஜாப் ஒர்க் பட்டறைகளுக்கு வந்து சேர்ந்தன. அப்படியொரு பட்டறைக்கு பெஞ்ச் டிரில் வேலையைப் பார்க்கவே போயிருந்தேன். லேத் வேலைக்குக் கிடைக்கும் மரியாதை டிரில்லுக்குக் கிடைப்பதில்லை. புதிதாக வரும் ஆளை முதலில் கொண்டுபோய் நிறுத்துவது அதன் முன்னால்தான். அதுதான் எனக்குக் கவலை.

அன்று பழைய மிஷின் ஒன்றை வாங்கி வந்து மாட்டிக்கொண்டிருந்தார்கள். மோட்டார், ஹெட், சக் எல்லாம் தூணின் உச்சியில், அடிப்பகுதியோ சிறியது. மேசையோடு போல்ட் போட்டு முடுக்காவிட்டால், கைப்பிடியை இழுக்கிற இழுப்பில் தலைகுப்புறச் சாய்ந்துவிடும். பட்டறையின் மூத்த ஃபிட்டர் போல்ட்டுகளை முடுக்கினார். பிளக்கைப் பிடுங்கித் தம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் சக்கில் கை வைத்தார்.

அடுத்து அவர் செய்ததை நான் வேறு பட்டறைகளில் அதிகம் பார்த்ததில்லை. கெட்டியான கம்பி ஒன்றை இரண்டு இடத்தில் வளைத்துச் சக்கில் மாட்டி, அதன் நுனி டேபிளைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி வைத்தார். ஸ்பிண்டிலைக் கையாலேயே மெதுவாகச் சுற்றினார். பின்பக்கம் நுனி உரசியது. முன்பக்கம் வந்தபோது இடையில் ஒரு காகிதம் நுழைந்தது. “டேபிள் முன்னாடி தொங்குதுங்க. இப்படியே விட்டா துளை சாஞ்சுதான் போகும்” என்றார். டேபிளைத் தாங்கும் பிராக்கெட்டைத் தளர்த்தி, இணைப்பின் கீழ்ப்பக்கம் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் செருகி மறுபடி இறுக்கினார். மீண்டும் கம்பி சுற்றியது. சுற்றுமுழுக்க ஒரே மாதிரி உரசும்வரை அவர் விடவில்லை.

பிறகு சுற்றும் வேகத்தை மாற்ற, மூடியைத் திறந்து பெல்ட்டைக் கப்பியின் வேறு படிக்கு மாற்றினார். சாதாரண இரும்பில் 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். பிட் போட்டால் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று போதும், 5 மி.மீ. என்றால் 1,600 வரை போகலாம். பிட் தடிக்கத் தடிக்க அதன் ஓரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் கூடுவதால் சுற்று குறைய வேண்டும். அலுமினியத்துக்கு இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஓட்டலாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்குப் பாதி போதும். பல இடங்களில் பெல்ட் வாங்கிய நாளிலிருந்து ஒரே படியில் கிடக்கிறது. பிட் நுனி நீலம் பாய்ந்து மழுங்கிப் போவதும், மழுங்கிய பிட்டை ஆள் தன் பலத்தால் அழுத்துவதும் அங்கேதான் தொடங்குகின்றன.

பக்கத்து மிஷினில் ஓர் அக்கா பம்பு ஃபிளேஞ்சுக்கு நான்கு துளை போட்டுக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் பட்டன் போட்ட சட்டை, முந்தானை சட்டைக்குள், கொண்டையைத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார். கண்ணாடி அணிந்த அவர் கையுறை போடவில்லை. கேட்டேன். “கையுறைய பிட் புடிச்சிருச்சுன்னா விரலையும் சேர்த்துச் சுத்திரும்ங்க” என்றார். வார்ப்பிரும்பு என்பதால் எண்ணெய் ஊற்றவில்லை. கரிய பொடியாக உதிர்ந்ததை வாயால் ஊதாமல், மிஷினை நிறுத்திவிட்டு பிரஷால் தள்ளினார்.

பிட் அடிப்பக்கத்தை நெருங்கியதும் சத்தம் மாறியது. அவர் கை உடனே இளகி, கைப்பிடியை மெல்ல விட்டுக்கொடுத்தது. டிரில்லில் மிக ஆபத்தான நொடி இதுதான். அதுவரை எதிர்த்து நின்ற உலோகம் திடீரென்று வழிவிடும்போது பிட்டின் விளிம்பு மிச்சமிருக்கும் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். வேலைத்துண்டு இறுக்கமாக இல்லையென்றால் பிட்டோடு சேர்ந்து சுழலும். மெல்லிய தகடு என்றால் சுழலும் கத்தியேதான். மேலிருந்து பார்த்தால் பிட் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. ஆகவே நீண்ட துண்டின் இடது பக்கம் தூணில் முட்டி நிற்கும்படி வைக்க வேண்டும். அப்போது துண்டு திமிறினாலும் அந்த அடியைத் தூண் வாங்கிக்கொள்ளும். வலது பக்கம் வைத்தால் அது நம் வயிற்றுக்கு வரும். இதை அந்தப் பட்டறையில் புதிதாக வந்த பையனுக்கு முதல் நாளே நின்று காட்டிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூடக் கையால் பிடித்தபடி ஓட்டுவது ஏன்? கூலி துளைக்கணக்கில் வருகிறது. ஒரு துளை போடும் நேரத்தைவிட, துண்டை வைஸில் வைத்து, கிளாம்ப் இறுக்கி, பிறகு கழற்றும் நேரம் அதிகம். அந்த நேரத்துக்குக் காசு கிடையாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஓடும் இயந்திரத்தருகே தளர்வான உடை கூடாது என்பதுவரை எழுதி வைத்தது. ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேர் இருந்தால்தான் அந்தச் சட்டத்தில் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. இந்தத் தெருப் பட்டறைகளில் நாலைந்து பேர்தான்.

அந்த அக்காவின் மிஷினில் ஒரு ஜிக் இருந்தது. கடினப்படுத்திய புஷ் பதித்த தகடு. ஃபிளேஞ்சை உள்ளே வைத்து ஒரு பிடியைத் திருப்பினால் போதும். மார்க்கிங் வேண்டாம், பஞ்ச் வேண்டாம், துண்டு அசையாது. வேகமும் கூடுகிறது, விரலும் பத்திரம். அதைப் பட்டறைக்காரர் தம் கைக்காசில் செய்திருந்தார். ஆயிரக்கணக்கில் ஃபிளேஞ்ச் வாங்கிக்கொள்ளும் கம்பெனி அதற்கு ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை.

ஜாப் ஒர்க் கொடுக்கிற கம்பெனிகளிடம் நான் கேட்பது இதுதான்: டிராயிங்கோடு ஜிக்கையும் அனுப்புங்கள். முடியாவிட்டால், துளைக்கான விலையில் கிளாம்ப் இறுக்கும் நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.