செலாய் காட்டில் ஒரு நாள்

லாபிஸ் பக்கம் பதினெட்டு வருஷமாகப் பாடம் சொல்லியும், பக்கத்துக் காட்டை இந்த விடுமுறையில்தான் பார்த்தேன். பெக்கோக் போய், செம்பனைத் தோட்டங்களைத் தாண்டினால் எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் வாசல். 1993-இல் அரசிதழில் ஏறிய காடு.

வழிகாட்டி ஜக்கூன் பூர்வகுடிப் பெரியவர். புகையிலைத் தண்ணீர் தடவியும் அட்டைகள் விடவில்லை! ஓரிடத்தில் யானைச் சாணி, ஈரமாக. பெரியவர் கைகாட்ட, பிள்ளைகள் மூச்சடக்கி நின்றார்கள். தோட்டத்துக்குள் யானை வந்தால் தகரம் தட்டுகிறோம். இங்கே நாம்தான் விருந்தாளி.

"காண்டாமிருகம் இருக்கா சார்?" என்றான் ஒரு பையன். சுமத்ரா காண்டாமிருகம் இதே காட்டில் திரிந்ததுதான். நாட்டில் மிஞ்சியிருந்த கடைசி ஒன்றும் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது. பெரியவரிடம் மலாயில் கேட்டேன். அவர் பதில் பேசாமல் குந்தி, ஈரமண்ணில் மூன்று விரல் தடம் ஒன்றை வரைந்தார். பையன் தன் பாதத்தை அதில் வைத்துப் பார்த்தான்.