ஆலைக் கரும்பு

சங்கராபுரம் கடைவீதிச் சத்தம் எட்டாத ஒரு தெரு. வீட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு ஸ்டூல். அதன்மேல் தாம்பாளம். சோளமாவு தூவிய தாம்பாளத்தில் சர்க்கரையால் ஆன நான்கு சக்கரங்கள் காய்கின்றன. இரண்டு பெரியவை, இரண்டு சிறியவை. வெளியே ஐப்பசித் தூறல். கேக் செய்யும் அந்தப் பெண் எழுந்து ஜன்னலைச் சாத்துகிறார். ஈரக்காற்று பட்டால் சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொண்டு கசியத் தொடங்கிவிடும்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் காலமெல்லாம் கரும்பு ஏற்றிப்போன ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். கேக்கின் உச்சியில் கரும்பு டிராக்டர் நிற்க வேண்டும் என்று மகள் கேட்டிருக்கிறாள்.

மெல்லிய துணியில் சலித்த ஐசிங் சுகர், குளுக்கோஸ் பாகு, மாவை இறுக வைக்கக் கொஞ்சம் டைலோஸ் தூள். சைவ வீட்டு ஆர்டர்களும் வருவதால் ஜெலட்டின் சேர்ப்பதில்லை. பிசைந்த மாவை உடனே பிளாஸ்டிக் உறையில் சுற்றிவிடுகிறார். இரண்டு நிமிடம் திறந்து கிடந்தாலும் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். வேண்டியதை மட்டும் கிள்ளி எடுக்கிறார். கருவிகள் எல்லாம் வீட்டுச் சாமான்கள்: சக்கரத்தில் பல் பதிக்கச் சீப்பு, விளக்கு வைக்கப் பேனா மூடி, கணு கீற ஊசி.

கரும்புக்கு ஊதா நிறம் கலக்கிறார். கட்டிலில் படுத்திருந்த மாமியார் தலையைத் தூக்கிப் பார்க்கிறார்.

"அது பொங்கக் கரும்பும்மா. ஆலைக் கரும்பு பச்சையும் மஞ்சளுமா இல்ல இருக்கும்."

மருமகள் மறுபேச்சு பேசவில்லை. ஊதா உருண்டை ஓரமாகப் போகிறது. மஞ்சளில் நீலம் ஒரு துளி, பச்சை வருகிறது. இன்னும் கொஞ்சம் மஞ்சள். மாமியார் தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறார். கரும்பாலை லாரி போகும் ஊரில் இந்த நிறம் தப்பினால் யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

நிற்கிற பொம்மைக்கு அழகுக்கு முன்னால் கணக்கு வேண்டும். உடலையும் சக்கரத்தையும் ஒரே நாளில் சேர்த்தால் பாரம் தாங்காமல் சக்கரம் சப்பையாகும். அதனால்தான் சக்கரங்கள் முந்தியே காய்கின்றன. வண்டியின் வயிற்றுக்கடியில் வெளியே தெரியாதபடி ஒரு கட்டை. எடை முழுக்க அதன்மேல். சக்கரங்கள் சும்மா ஒட்டியிருக்கின்றன. உடலுக்குள் பல்குச்சி. ஒட்டுவதற்குத் தூரிகை நுனியில் தொட்ட தண்ணீர் போதும், கூடினால் கரைந்துவிடும்.

கீழே கேக்கிலும் அதே கணக்குதான். மெத்தென்ற கிரீமின் மேல் நேராக வைத்தால் டிராக்டர் புதையும், அடிப்பக்கம் உருகும். ஃபாயில் சுற்றிய அட்டை வட்டம் ஒன்று டிராக்டருக்குத் தரை. அந்த வட்டத்துக்குக் கீழே, கேக்கின் உயரத்துக்கு வெட்டிய ஸ்ட்ராக்கள் தூண்களாக இறங்குகின்றன. பாரம் கிரீமைத் தொடாமல் அடிப்பலகைக்குப் போய்விடுகிறது.

சர்க்கரையில் உருவம் செய்வது நமக்குப் பழகியதுதான். மூங்கில் கழியில் சுற்றிய ஜவ்வு மிட்டாயை இழுத்து மயிலும் கைக்கடிகாரமும் செய்து தந்தவர்களைத் திருவிழாவில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணக் கேக்கின் உச்சியிலும் மணமக்களை வாழ்த்தும், பிரிட்டனைப் பெண்ணாகக் காட்டும் பிரிட்டானியா உருவம் நின்றது. இதே வட்டாரத்தின் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே உளி வேண்டாததை எடுக்கிறது. இங்கே விரல் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறது. மரம் தலைமுறை தாண்டி நிற்கும். சர்க்கரைக்கு ஒரு சாயங்காலம்தான் ஆயுசு. செய்கிற கையின் சிரத்தையில் நான் வித்தியாசம் காணவில்லை.

ஊசியால் கடைசிக் கரும்பின் கணுக்களைக் கீறி, கட்டுக்குள் செருகுகிறார். தோகை ஒன்று சற்றே வெளியே தொங்கும்படி வளைத்துவிடுகிறார். நிஜ வண்டியில் அப்படித்தான் தொங்கும்.

விழா நாள் காலையில் மகள் வருகிறாள். கேக்குக்கு ஒரு பெட்டி, டிராக்டருக்கு ஒரு பெட்டி.

"கேக்க ஃப்ரிட்ஜ்ல வைங்க. இத வைக்காதீங்க, வேர்த்துடும். வெட்டப்போறப்ப மேல வச்சாப் போதும். உள்ள குச்சி இருக்கு, புள்ளைங்க கையில குடுத்துடாதீங்க."

"சரிக்கா. ஒன்றரைக் கிலோதானே? கிலோ கணக்குல எவ்ளோ ஆச்சு?"

அவர் சீட்டில் இரண்டு வரி எழுதுகிறார். முதல் வரி, கேக் ஒன்றரைக் கிலோ. இரண்டாவது, டிராக்டர் வேலை மூன்று சாயங்காலம். பக்கத்தில் அதற்குத் தனித் தொகை. மகள் இரண்டாம் வரியைப் படிக்கிறாள். டிராக்டர் பெட்டியைத் திறந்து ஒருமுறை பார்க்கிறாள். பேரம் பேசாமல் பணத்தை எண்ணி வைக்கிறாள்.

தராசில் ஏறாத இந்த உழைப்பு வீட்டுப் பெண்களின் கையில் காலங்காலமாக "சும்மா செஞ்சது" என்றே போய்க்கொண்டிருந்தது. கேக் செய்யும் ஒவ்வொரு வீட்டின் சீட்டிலும் அந்த இரண்டாம் வரி வர வேண்டும். கேட்பதற்கு அவர்கள் கூச வேண்டாம். கொடுப்பதற்கு நாம் தயங்க வேண்டாம்.