அரை மணித்தியாலமும் ஒரு பதிப்பு எண்ணும்

பத்தாண்டு காலத்துக்குள் இலங்கையின் உத்தியோகபூர்வ நேரம் மூன்று தடவைகள் மாற்றப்பட்டது என்பதை இன்றைய இளைய வாசகர்களில் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1996 ஆம் ஆண்டு வரட்சியினால் நீர்மின் உற்பத்தி வீழ்ச்சியடைந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் அன்றைய அரசாங்கம் மே மாதம் 25 ஆம் திகதி மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்தியது. கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னின்ற நாடு ஆறரைக்குச் சென்றது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்வாங்கி ஆறுக்கு வந்தது. 2006 ஏப்ரல் 15 இல், புத்தாண்டை ஒட்டி, மீண்டும் பழைய ஐந்தரைக்கே திரும்பியது.

வன்னியில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இவற்றில் எதையும் ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம், கொழும்பிலே புதிய நேரம். வன்னியிலிருந்து தொலைபேசியில் ஒரு சம்பவத்தைச் சொல்பவர் 'காலை எட்டு மணிக்கு' என்றால், 'எந்த நேரம்?' என்று கேட்காமல் ஆசிரியபீடத்தில் எவரும் செய்தி எழுதுவதில்லை. ஷெல் வீச்சு முதலில் நிகழ்ந்ததா, மக்கள் வெளியேறியது முதலிலா என்பதை அரை மணித்தியாலம் தலைகீழாக்கிவிடக்கூடிய காலம் அது.

இதை இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் என் மருமகன். ரொறன்ரோவில் மென்பொருள் பொறியியலாளராகப் பணிபுரியும் அவர், எனது பழைய செய்திக் குறிப்புகளைக் கணினியில் ஒழுங்குபடுத்த உதவி வருகிறார். ஒவ்வொரு சம்பவத்தின் நேரத்தையும் கிறீன்விச் நேரத்துக்கு மாற்ற அவர் பயன்படுத்துவது, உலகின் பெரும்பாலான கணினிகளும் கைத்தொலைபேசிகளும் நம்பியிருக்கும் நேர வலயத் தரவுத்தளம். 1986 இல் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்ற அமெரிக்கர் தொடக்கிவைத்தது. திகதியையும் மணியையும் 'ஏசியா/கொழும்பு' என்ற பெயரையும் கொடுத்தால் விடை வரும். கேட்கும் முறை அன்றும் இன்றும் ஒன்றுதான். அதுவே இந்தச் சேவைக்கும் அதைப் பயன்படுத்துவோருக்கும் இடையிலான ஒப்பந்தம்.

எங்களுக்குள் விவாதம் எழுந்தது இந்த ஒப்பந்தத்தைப் பற்றித்தான். "மாமா, கேட்கிற விதம் மாறவில்லைத்தானே. உள்ளே கணக்கு மாறினால் அது எங்கள் பாடு. புதிய பதிப்பு என்று ஏன் பறைசாற்ற வேண்டும்?" என்றார் அவர். மென்பொருளாளர்களிடையே வழங்கும் மூன்று இலக்கப் பதிப்பு முறையும் ஏறக்குறைய இதற்கு இடமளிக்கிறது. ஒப்பந்தம் முறிந்தால் மட்டுமே முதல் இலக்கம் கூடும். உள்ளே ஒரு பிழை திருத்தப்பட்டால் கடைசி இலக்கம் மட்டும் கூடும். அதை எவரும் கவனிப்பதில்லை.

நான் அவருக்கு ஓர் உதாரணம் சொன்னேன். 2006 மார்ச்சில் ஒருவர், மே மாதம் 10 ஆம் திகதி காலை பத்து மணிக்குக் கொழும்பில் ஒரு சந்திப்பைக் குறித்துவைக்கிறார். அவருடைய மென்பொருள் அதைக் கிறீன்விச் நேரம் நான்கு மணி என மாற்றிச் சேமிக்கிறது. ஏப்ரலில் அரசாங்கம் நேரத்தை மாற்றுகிறது, தரவுத்தளமும் திருத்தப்படுகிறது. மே மாதம் அதே மென்பொருளைக் கேட்டால் சந்திப்பு ஒன்பதரைக்கு என்கிறது. பெயர் மாறவில்லை, கேள்வி மாறவில்லை, எவரும் பிழை செய்யவுமில்லை. ஆனால் அவர் அரை மணித்தியாலம் முன்னதாகச் சென்று காத்திருக்க வேண்டியதுதான். எந்தப் பதிப்பின் கணக்கைக் கொண்டு மாற்றப்பட்டது என்பதும் உள்ளூர் நேரமும் சேர்ந்து பதியப்பட்டிருந்தால் இதைத் திருத்தியிருக்கலாம்.

இவ்விடயத்தில் அத்தரவுத்தளத்தை நடத்துபவர்களைப் பாராட்டவே வேண்டும். ஒரேயொரு நாட்டின் நேரம் மாறினாலும் புதிய வெளியீடு வரும். அதன் பெயர் ஆண்டும் ஓர் ஆங்கில எழுத்தும். பழைய கணக்கு அழிக்கப்படுவதில்லை. ஆகையால் 2001 ஆம் ஆண்டின் ஒரு திகதியைக் கொடுத்தால், இன்றும் ஆறு மணித்தியால வித்தியாசத்தையே கழித்துச் சொல்லும். நகரப் பதிப்பு எது, பிராந்தியப் பதிப்பு எது என்று முதற்பக்கத்தில் அடையாளமிட்டுப் பழகிய எமக்கு இது புதிய ஞானம் அல்ல.

ஆயினும் அவர்களும் விமர்சனத்திலிருந்து தப்பவில்லை. 1970 க்கு முந்திய காலத்துக்குத் தாம் முழுப் பொறுப்பேற்பதில்லை என்பது அவர்களுடைய நிலைப்பாடு. 1970 க்குப் பின் ஒரே நேரத்தைக் கொண்ட இடங்களை 2022 இல் அவர்கள் ஒன்றிணைத்தபோது, ஒஸ்லோ பேர்லினுடன் சேர்க்கப்பட்டது. நோர்வேயில் 1959 முதல் 1965 வரை கோடைகால நேரம் நடைமுறையில் இருந்தது. ஜேர்மனியில் அப்போது அது இல்லை. இதனால் 1960 ஆம் ஆண்டுக் கோடையில் ஒஸ்லோவில் பிறந்த ஒருவரின் பிறந்த நேரத்தைக் கணித்தால், இயல்பான தெரிவில் ஒரு மணித்தியாலம் பிசகும். பழைய விபரங்கள் தனிக் கோப்பொன்றில் இருக்கின்றன, வேண்டுவோர் சேர்த்துக்கொள்ளலாம். கடும் ஆட்சேபங்கள் எழுந்தன. ஒப்பந்தத்தின் எழுத்துப்படி அவர்கள் பக்கம் நியாயமே. ஆனால் அந்த ஒஸ்லோக்காரர் ஒப்பந்தத்தை வாசித்துவிட்டா கைத்தொலைபேசியைத் தட்டுகிறார்? பல்லாண்டுகள் ஒரே விடையைக் கொடுத்துவந்த சேவைக்கு அந்த விடையும் வாக்குறுதிதான் என்பது என் கட்சி. மருமகன் இதை முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை.

எமது வேலை மட்டும் ஒருவாறு நடக்கிறது. ஒவ்வொரு குறிப்பிலும் நேரத்தைச் சொன்னவர் எங்கிருந்து சொன்னார் என்பதையும், மாற்றிய தரவுத்தளத்தின் வெளியீட்டுப் பெயரையும் சேர்த்துப் பதிகிறோம். கொழும்புக் குறிப்புகளில் சிக்கலில்லை. வன்னிக் குறிப்புகளுக்கு எந்த வலயத்தைக் கொடுப்பது என்று திகைத்து, அத்தரவுத்தளத்தின் ஆசியக் கோப்பைத் திறந்து பார்த்தார் மருமகன். அதை இன்று ஒருங்கிணைக்கும் போல் எகர்ட், 2006 ஏப்ரலிலேயே அதற்கொரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறார்: தமிழர் கட்டுப்பாட்டிலுள்ள பகுதிகளில் வாழ்வோர் கல்கத்தாவின் நேரத்தைத் தெரிவு செய்துகொள்ளலாம்.

வன்னிக் குறிப்புகள் அனைத்தும் இப்போது கல்கத்தா என்ற பெயரின் கீழ் கிடக்கின்றன.