தாத்தாவின் சுருட்டு

மயிலாப்பூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. கொத்தனார் வேலை பார்த்த தாத்தாவுக்குச் சாயங்காலம் ஆனால் வாசல்படியில் ஒரு சுருட்டு. வெள்ளைக்காரன் 'செரூட்' என்கிறானே, அது நம்ம 'சுருட்டு'தான்! 1887-ல் வந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே திருச்சிச் சுருட்டுச் சாம்பல் துப்பாக வருகிறது.

பதினெட்டு முடிந்த தைரியத்தில் தாத்தாவிடம் முறை கேட்டேன்.

"புகையை வாயோட வச்சு விட்டுடணும், முழுங்கக் கூடாது. பெரியவங்ககிட்ட நெருப்பு கேக்கக் கூடாது. மதிக்கிற ஆளு வந்தா பின்னால மறைச்சுக்கணும்."

(வாயோடு நின்றாலும் புற்றுநோய் வரும். அதை நான் சொல்லவில்லை.)

"ஒண்ணு குடு தாத்தா" என்றேன். பதிலே இல்லை.

மறுநாள் டிராயிங் ஷீட்டும் டி-ஸ்கொயருமாகச் சந்துக்குள் நுழைந்தேன். தாத்தா என்னைப் பார்த்ததும் சுருட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். புகை மட்டும் தோளுக்கு மேலே வந்துகொண்டிருந்தது.